மாப்ள, தேடு

வாசனை என்றால் என்னவென்றே மறந்துபோயிருந்த அக்காவின் மூக்கில், அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எல்லோரும் எழுந்து போன பிறகு, மேசைமேல் கிடந்த டீ டம்ளர்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஈர மண்ணும் ஈர ரோமமும் கலந்த ஒரு நெடி வந்து ஏறியது.

டம்ளரைப் பிடித்த கை அப்படியே நின்றது.

பல் செட் செய்து கொடுக்கிற வேலை அவளுக்கு. முன்னறையின் ஒரு மூலைதான் பட்டறை. பிளாஸ்டர் தூளும், உருக்கிய மெழுகும், ஈறு நிறத்தில் இறுகுகிற பசையின் ஆவியும் வருஷக்கணக்காக ஏறி ஏறி மூக்கைத் தின்றுவிட்டிருந்தன. அடுப்பில் பால் தீய்ந்தால்கூட புகையைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். "உனக்கு மூக்கு எதுக்குக்கா? கண்ணாடி மாட்டிக்கத்தானே?" என்று தம்பி கேலி செய்வான்.

நெடி ஜன்னலோரத்து நாற்காலியிலிருந்து வந்தது. அது தம்பியின் நாற்காலி. இன்று வந்த மூன்று பேரும் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா குனிந்து பார்த்தாள். இருக்கையில் ஒரு சிட்டிகை செம்மண். தொட்டால் ஈரம். வந்தவர்களில் குட்டை என்கிறவன் காலைத் தூக்கி வைத்திருப்பான், அவனுக்கு எப்போதுமே அந்தப் பழக்கம் உண்டு என்று நினைத்துக்கொண்டு துணி நனைத்துத் துடைத்தாள். துணியை அலசிப் பிழிந்து காயப்போட்டாள். விளக்கை அணைத்துப் படுத்த பிறகும் நெடி போகவில்லை. படுக்கைக்குக் கீழே ஏதோ ஒன்று மூச்சு விட்டுக்கொண்டு கிடப்பதுபோல, கனமாக, இதமாகக்கூட, அது அங்கேயே இருந்தது.

அவர்கள் மறுபடி வருவார்கள் என்று அக்கா நினைத்திருக்கவில்லை. தம்பி இருந்தவரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் அந்த மேசையைச் சுற்றித்தான் கூத்து. ஒருவன் கதை சொல்லுவான், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு காடு மலை என்று அலைவார்கள், நடக்குமா நடக்காதா என்பதைப் பல முகம் வைத்த பகடை சொல்லும். கதை சொல்லுகிறவனுக்குக் கண்டக்டர் என்று பெயர். நிஜத்தில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். யார் எங்கே ஏறணும் எங்கே இறங்கணும் என்று விசில் ஊதுவதால் கண்டக்டர். குட்டை என்பவன் நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். மூன்றாவது ஆள் மழலைப் பள்ளி டீச்சர். எல்லோருக்கும் முப்பதைத் தாண்டியிருந்தது. "கழுதை வயசாகுது, இன்னும் பொம்மை விளையாட்டு" என்று அக்கா மூலையில் உட்கார்ந்து பல்லைச் செதுக்கியபடியே முணுமுணுப்பாள். ஆனால் அவர்கள் வராத ஞாயிறு அவளுக்கு விடியாது.

தம்பிக்குக் காய்ச்சல் வந்தது ஒரு திங்கட்கிழமை. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். பிறகு ரத்தத்தில் ஏதோ என்றார்கள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அப்பா போன பிறகு பெற்ற பிள்ளைபோல அவள் வளர்த்தவன், அவள் வெளியே போய் மருந்து வாங்கி வருவதற்குள் போய்விட்டான்.

மழைக்காலம் வந்தது. அந்த ஞாயிறு மத்தியானம் கண்டக்டர் வாசலில் வந்து நின்றான். பின்னால் மற்ற இருவரும்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். கோச்சுக்கக் கூடாது."

"சொல்லுப்பா."

"கதை பாதியில நிக்குது. அவன் எடுத்த வேடன் வேஷம் என்ன ஆச்சுன்னே நாங்க ஆடல. வேற எங்கயும் உக்காந்து ஆட மனசு வரல. ஒரே ஒரு தடவை இங்க வெச்சு முடிச்சுக்கறோம். நீங்களும் கூட உக்காரணும்."

"எனக்கு என்னடா தெரியும் அதைப் பத்தி?"

டீச்சர்தான் பதில் சொன்னாள். "தெரிய வேண்டியது ஒண்ணும் இல்லக்கா. வேடனுக்கு ஒரு அக்கா இருந்தா. தம்பியைத் தேடி வந்திருக்கா. அவ்வளவுதான் நீங்க."

"அதுக்கு நான் வேஷமே கட்ட வேண்டாமே" என்றாள் அக்கா. சிரிக்கத்தான் சொன்னாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மேசையில் உட்கார்ந்ததும், காட்டுக்குள் தனியாகப் போகிறவளுக்குத் துணைக்கு ஒரு மிருகம் வேண்டும் என்றார்கள். பருந்து எடுக்கலாம், உயரத்திலிருந்து பார்த்துச் சொல்லும். ஓநாய் எடுக்கலாம், விரட்டிப் பிடிக்கும். கரடி எடுத்தால் யாரும் கிட்டே வர மாட்டார்கள், ஆனால் தீனி போட்டு மாளாது, சந்து பொந்தில் நுழையாது.

"அழகைப் பாத்து எடுத்துராதீங்க" என்றாள் டீச்சர். "உங்களால எது முடியாதோ, அதைச் செய்யறதாப் பாத்து எடுங்க."

"எடுத்தா மட்டும் போதாது" என்றான் குட்டை. "பாத்துக்கணும். நான் ஒரு பருந்து வெச்சிருந்தேன். ஆசை ஆசையா வளத்தேன். ஒரு பொந்துக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டு வான்னு அனுப்பினேன்."

"அப்புறம்?"

"பொந்துக்குள்ள என்ன இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

இப்போது கொஞ்சம் சிரித்தார்கள். அக்கா சிரிக்காமல் கேட்டாள்: "அவன் ஒண்ணு வெச்சிருந்தானே. அது என்ன ஆச்சு?"

தம்பி எடுத்திருந்தது கழுதைப்புலி. ஊரில் உள்ளவன் எல்லாம் சிங்கம் புலி என்று எடுக்கும்போது இவன் மட்டும் அதை எடுத்தான். எலும்பைக் கடித்து நொறுக்கும், எத்தனை அடி ஆழத்தில் கிடந்தாலும் மோப்பம் பிடித்துத் தோண்டும் என்று பெருமை வேறு. அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தான். "எங்க அக்காவுக்கு வர்ற வரனெல்லாம் பாத்தா, இது எவ்வளவோ மேல்" என்று ஊர் கேட்கச் சொல்லுவான். மூலையில் இருந்து அக்கா பிளாஸ்டர் கட்டியை எடுத்து எறிவாள்.

கண்டக்டர் தலை குனிந்துகொண்டான். "மாப்பிள்ளை அங்கயேதான் நிக்குதுக்கா. பள்ளத்தோட விளிம்புல. அவன் 'இரு'ன்னு சொல்லிட்டுக் கீழ இறங்கினான். அடுத்த நாள்தான் காய்ச்சல். அதுக்கப்புறம் நாங்க ஆடவே இல்லையே."

"இத்தனை நாளும் சோறு தண்ணி இல்லாம அங்கயேவா நிக்குது?"

கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது. கதையில் வருகிற மிருகம், அதுவும் தாளில் எழுதின மிருகம். ஆனால் யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. குட்டை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எனக்கு மோப்பம் கிடையாது" என்றாள் அக்கா. "நான் அதையே எடுத்துக்கறேன்."

எஜமான் மாறினால் மிருகம் ஏற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரு பகடை. அக்கா உருட்டினாள். பெரிய எண்ணாக விழுந்தது. ஒட்டிக்கொண்டது என்றார்கள். இனி அது அவள் பேச்சைக் கேட்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு வார்த்தைதான் சொல்லலாம். இரு. வா. தேடு. கடி. சொல்லாமல் விட்டால் தானாக ஒன்றும் செய்யாது, உங்களைப் பார்த்துக்கொண்டே நிற்கும்.

"மாப்ள, தேடு" என்றாள் அக்கா.

கண்டக்டர், மற்றவர்கள் எட்டிப் பார்க்காமல் நிறுத்தியிருந்த அட்டைத் தடுப்புக்குப் பின்னால் தன் பகடையை உருட்டினான். விழுந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இறங்கிடுச்சு. பள்ளத்துக்குள்ள. என்ன கொண்டு வருதுன்னு அடுத்த வாரம் பாப்போம்."

அப்படி முடிந்த சாயங்காலத்தில்தான் அந்த நெடி வந்தது.

வாரம் முழுக்க மழை. மேலே ஓட்டில் விழுகிற சத்தம், குழாயில் இறங்குகிற சத்தம், பக்கத்து வீட்டுத் தகரத்தில் தெறிக்கிற சத்தம் என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருக்க, அந்த அடுக்குக்கு நடுவே, மழையில் சேராத ஒரு சத்தம், தரையில் நகம் படுகிற சத்தம், சமையலறையிலிருந்து நடைவழிக்கும் நடைவழியிலிருந்து முன்னறைக்கும் அவசரமில்லாமல் போய் வந்துகொண்டிருப்பது அக்காவுக்குக் கேட்டது. நிமிர்ந்தால் நின்றுவிடும். குனிந்து மெழுகைச் சுரண்டத் தொடங்கினால் மறுபடி. பூனை என்று நினைக்க முடியாது. பூனை நடந்தால் சத்தம் வராது. இது கனமான உடம்பு. முன்னங்கால் உயரமும் பின்னங்கால் குட்டையுமாக, கொஞ்சம் நொண்டுவதுபோல விழுகிற நடை.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஆறேழு மாதமாக அந்த வீட்டில் அவள் நடந்தால்தான் சத்தம். வேறொரு நடை கேட்டதும் மனசின் ஒரு ஓரம், கேட்கக் கூடாத அந்த ஓரம், நிம்மதிப்பட்டது.

புதன்கிழமை துவைத்த துணியை மடிக்கும்போது காலில் ஏதோ குத்தியது. தம்பியின் நாற்காலிக்குக் கீழே ஒரு சட்டைப் பொத்தான். நீலம். அதில் இன்னும் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு நூல்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நீலச் சட்டையைப் போட்டுத்தான் அவனை அனுப்பினார்கள். ஒரு பொத்தான் அறுந்திருந்தது. அன்றைக்கு வீடு முழுக்க ஆள். யாரிடம் போய் நீல நூல் கேட்பது? கையில் கிடைத்த கறுப்பு நூலைக் கோத்து, அவன் நெஞ்சின்மேல் குனிந்து, சட்டை போட்டபடியே தைத்தாள். பல்லால் நூலைக் கடித்து அறுத்தபோது அவன் நெஞ்சுச் சில்லிப்பு அவள் கன்னத்தில் பட்டது. அவள் தைத்த பொத்தான் அது. அவனோடு மண்ணுக்குள் போன பொத்தான்.

கண்டக்டருக்குப் போன் போட்டாள்.

"டேய், நீங்க யாராவது விளையாட்டுக்கு ஏதாவது வீட்ல வெச்சுட்டுப் போனீங்களா?"

"என்னக்கா?"

"பொத்தான். சட்டைப் பொத்தான்."

"இல்லையே. ஏன்க்கா? குரல் ஏன் இப்படி இருக்கு? நான் வரட்டுமா?"

"வேண்டாம். ஞாயித்துக்கிழமை வா" என்று வைத்துவிட்டாள். பொத்தானை மண் போகக் கழுவினாள். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் பகடையை உருட்டிவிட்டு, மாப்பிள்ளை வெறும் வாயோடு திரும்பி வந்துவிட்டது என்றான். உடம்பெல்லாம் சேறு. நாக்கு தொங்குகிறது. பள்ளம் ஆழம்.

"ஒண்ணுமே கொண்டு வரலையா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா."

அவள் அவர்கள் முகங்களைப் பார்த்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை. நாற்காலிக்குக் கீழே, மேசை விரிப்பின் நிழலில், நெடி இப்போது கண்ணில் நீர் வருமளவுக்கு இருந்தது. டீச்சர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"திரும்ப அனுப்பு. மாப்ள, தேடு."

"அக்கா, அதுக்கும் அசதி இருக்கும்" என்றாள் டீச்சர் மெதுவாக. "தீனி போட்டு, தட்டிக் கொடுத்து, இந்த முறை 'இரு'ன்னு சொல்லலாம். ஓயாம வேலை வாங்கினா அது நம்மகிட்ட ஒட்டாது."

"ஒட்ட வேண்டாம். தேடட்டும்."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.  கண்டக்டர் பகடையை உருட்டினான்.

அன்றைக்கு அவர்கள் போன பிறகு அக்கா புழக்கடைக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள். வெளியே மழை இருட்டில் கிணற்று மேடும் துணிக் கொடியும் மட்டும் தெரிந்தன. ஒரு சாண் அகலத்துக்குக் கதவைத் திறந்து வைத்து, காற்றில் மூடிக்கொள்ளாதபடி ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தாள். என்ன செய்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

அது வந்தது இரண்டு நாள் கழித்து.

விளக்கு வைக்கிற நேரம். மின்சாரம் போயிருந்தது. பட்டறை மேசையில் மெழுகு உருக்குகிற ஸ்பிரிட் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, யாரோ ஒரு பெரியவருக்குக் கீழ்வரிசைப் பற்களைப் பதித்துக்கொண்டிருந்தாள். விளக்கின் நீலச் சுடர் அவள் கைக்கும் எதிரில் வாய் பிளந்திருந்த பிளாஸ்டர் அச்சுக்கும் மட்டும்தான் போதுமானதாக இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் அறை இருக்கிறதா என்பதே நிச்சயமில்லை.

செங்கல் நகர்ந்தது.

சிமெண்டில் செங்கல் உரசுகிற சத்தம். பிறகு கதவு. பிறகு நகங்கள். சமையலறை. நடைவழி. நொண்டுகிற நடை. கூடவே எதையோ வாயில் கவ்வியிருப்பதால் அடைபடுகிற மூச்சு.

அக்கா நிமிரவில்லை. நிமிர்ந்தால் நின்றுவிடும் என்று தெரியும். நிற்கக் கூடாது. வரட்டும். கத்தியால் மெழுகைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். 

நெடி. மண். ரோமம். அதற்கு அடியில் வேறொன்று. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அவன் போர்வையில் இருந்திருக்க வேண்டிய வாசனை. அன்றைக்கு அவளுக்குத் தெரியாமல் போன வாசனை.

நாற்காலி கிறீச்சிட்டது.

மூச்சு. மிக அருகில்.

தரையில் எதுவோ விழுந்தது. டக். சின்னச் சத்தம். கல் விழுவதுபோல.

அப்புறம் ஒரு சிரிப்பு. சிரிப்பு இல்லை. தொண்டைக்குள்ளேயே ஏறி இறங்குகிற ஒரு குலவை. பாராட்டை எதிர்பார்க்கிற குரல். வேலை செய்து முடித்த மிருகத்தின் குரல்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எவ்வளவு நேரமோ. மின்சாரம் வந்து பளிச்சென்று எல்லாம் தெரிந்தபோது அறையில் யாரும் இல்லை. புழக்கடைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. தரையில், நாற்காலிக்கும் அவள் காலுக்கும் நடுவில், ஒரு பல்.

உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். பார்க்கத் தேவையே இல்லை. காலேஜ் படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டு, வாயைக் கையால் பொத்தியபடி, "அக்கா, இனிமே எவ என்னப் பாப்பா?" என்று வந்து நின்றானே, அந்த உடைந்த பல்லுக்கு அவள் செய்து மாட்டிய உறை, கேப். பக்கத்துப் பல்லில் இருந்த சின்ன வெள்ளைப் புள்ளியை, யாருக்கும் வித்தியாசம் தெரியக் கூடாதென்று, இதிலும் வைத்திருந்தாள். அந்தப் புள்ளி இருந்தது. கேப்புக்கு உள்ளே அவனுடைய மிச்சப் பல். அதன் கீழே வேர். பிடுங்கிய பல்லை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இது பிடுங்கியதுபோல இல்லை. ஆடி ஆடி, பதமாக, வலிக்காமல் எடுத்ததுபோல இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தேடு என்றால் தேடும். கிடைத்ததைக் கொண்டு வரும். முதலில் பொத்தான். இப்போது பல். இன்னும் எத்தனை தடவை அந்தக் கதவு வழியாக அது வரும்? எதை எதையெல்லாம் கவ்விக்கொண்டு வந்து இந்த நாற்காலியின் கீழே வைத்துவிட்டு அவள் தட்டிக்கொடுப்பாள் என்று நிற்கும்?

வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

விடிந்ததும் மூவரையும் வரச் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. வேலைக்குப் போகிற உடையிலேயே வந்தார்கள். குட்டையின் தலைமுடி ஈரமாக இருந்தது. கண்டக்டர் கையில் கிரீஸ்.

"அதை விட்டுடணும்" என்றாள். "எப்படி விடறது?"

"எதைக்கா?"

"மாப்பிள்ளையை."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவின் முகத்தைப் பார்த்து ஏதாவது புரிந்துகொண்டாளோ என்னவோ, ஏன் என்று கேட்கவில்லை.

"பக்கத்துல கூப்பிட்டு, தொட்டு, 'போ'ன்னு சொல்லணும்" என்றான் கண்டக்டர். "விட்டுட்டா அப்புறம் உங்க பேச்சைக் கேக்காது. கூப்பிட்டாலும் வராது. நிச்சயமாத்தானா?"

"பகடை உருட்டணுமா?"

"விடறதுக்குப் பகடை வேண்டாம்க்கா. எஜமான் மனசு வெச்சாப் போதும்."

மனசு வைத்தால் போதும். அதுதானே பாடாக இருக்கிறது! காலை வெயில் மேசைமேல் விழுந்திருந்தது. தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஜன்னலோர நாற்காலியின் பக்கம் கையை நீட்டினாள். மற்றவர்களுக்கு அது வெறும் காற்று. அவள் விரல்களுக்குச் சொரசொரப்பான, சேறு காய்ந்து சடைபிடித்த ரோமம் தட்டுப்பட்டது. கீழே பெரிய கழுத்தெலும்பு. அது தலையைச் சாய்த்து அவள் உள்ளங்கையில் வைத்தது. சூடான தலை. இத்தனை நாள் காத்து நின்ற மிருகத்தின் தலை.

"வா மாப்ள" என்றாள்.  "நல்லா தேடினே. போதும். நீ போ."

எடை அவள் கையை விட்டு எழுந்தது. நகங்கள் நடைவழியில் போயின. சமையலறை. கிணற்றடி. பிறகு இல்லை. நெடியும் இல்லை. மூக்கு மறுபடி வெறும் மூக்கானது.

"எங்க போகும் அது?" என்று கேட்டாள்.

கண்டக்டரின் முகம் கோணியது. கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அதுக்கு எங்க போகணுமோ அங்க போகும்க்கா."

அன்றைக்கு மாலை அக்கா புதைகாட்டுக்குப் போனாள். பொத்தானையும் பல்லையும் ஒரு கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டாள். அவனுடையது அவனிடமே இருக்கட்டும். இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும். தோண்டிக் கலைத்துப் போட்ட மண்ணைப் பார்க்கத் தன்னால் முடியுமா என்பதுதான் வழியெல்லாம் அவளுக்கு இருந்த பயம். வாசலில் காவல்காரர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க நாய் நரி ஏதாவது வந்து மண்ணைக் கிளறுதாங்க?"

"ஒரு சுண்டெலி வர முடியாதும்மா. சுத்தி மதில். சீக்கிரம் வந்துருங்க, கதவு சாத்தப் போறேன்."

மண் கலையவில்லை. சுற்றிக் கட்டிய சிமெண்ட் விளிம்பு அப்படியே இருந்தது. மழையில் புல் வேர் பிடித்து, மேடு முழுக்கத் தழைத்திருந்தது. ஒரு கீறல் இல்லை. ஒரு காலடி இல்லை. அவள் முதலில் ஆறுதலாக மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் கைக்குட்டை முடிச்சு உள்ளங்கையில் கனத்தது. மேலிருந்து யாரும் தோண்டவில்லை. அப்படியென்றால் இது எந்த வழியாக வந்தது?

கேட்காதே. வைத்துவிட்டுப் போ.

மண்டியிட்டு, புல்லை விலக்கி, விரலால் ஒரு சின்னக் குழி பறித்தாள். மண் ஈரமாக, இளக்கமாக இருந்தது. கைக்குட்டையை அவிழ்த்து பொத்தானையும் பல்லையும் உள்ளே வைத்தாள். மூடப் போன கை நின்றது.

சத்தம்.

ரேடியோ இல்லை. மதிலுக்கு வெளியே போகிற வண்டி இல்லை.

பரக். பரக். பரக்.

கீழே. ரொம்பக் கீழே.

அக்கா குனிந்தாள். ஈரப் புல்லில் காதை வைத்தாள். மண் சில்லென்று இருந்தது. உள்ளே எதுவோ மூச்சிரைத்தது. நகம் மண்ணை வாரியது. நிறுத்தியது. பெட்டிப் பலகை முனகியது. குலவையிடுகிற அந்தக் குரல், சந்தோஷம் தாங்காத அந்தக் குரல், ஒருமுறை ஏறி இறங்கியது. போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது அது.

அதற்குப் பிறகு வேறொரு குரல். பக்கத்து அறையில் தூங்கி எழுந்தவன் பேசுவதுபோல. சளி கட்டினதுபோல. ஒரு பல் இல்லாத வாய் பேசுவதால் காற்று கசிந்து கசிந்து.

"மாப்ள... மேல யாரு வந்திருக்கா பாரு."

அவள் கண்ணில் முட்டிய நீர் புல்லில் சொட்டியது. 

"அக்காடா. அழுவுறா." கொஞ்சம் நிறுத்தி, மூச்சு வாங்கி, எல்லையில்லாத பிரியத்தோடு: "தோண்டு."

பரக். பரக். பரக். பரக். வேகமாக. இன்னும் கிட்ட. குழிக்குள் மண் உள்வாங்கியது. பொத்தான் போனது. பல் கீழே இறங்கி மறைந்தது.

வாசலில் காவல்காரர் கதவைச் சாத்தப்போவதாகக் குரல் கொடுத்தார். எழுந்திரு என்றது உடம்பு. ஓடு என்றது. மண்ணுக்கு அடியில் அந்தக் குரல் மறுபடி, "அக்கா" என்றது. இந்த முறை அவளைப் பார்த்தே.

அக்கா மண்டியிட்டபடியே கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். இரண்டு கையையும் குழிக்குள் விட்டாள். மேலிருந்து அவளும் தோண்டத் தொடங்கினாள்.